மின்சாரம் விற்பவர் அதை மிச்சப்படுத்தச் சொல்வாரா?

கூலாயிலிருந்து செடெனாக் பக்கம் போயிருக்கிறீர்களா? செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருக்கும். திடீரென்று வரிசை அறுந்து, சன்னல்களே இல்லாத பெரிய கட்டடங்கள் தெரியும். கடை இல்லை, புகைக்கூண்டு இல்லை, ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் தொழிலாளர் கூட்டமும் இல்லை. அவைதான் தரவு மையங்கள். நீங்கள் கைப்பேசியில் பார்க்கும் காணொளி, வகுப்புக் குழுவில் அனுப்பும் படம், செயற்கை நுண்ணறிவிடம் கேட்கும் கேள்வி எல்லாம் இப்படிப்பட்ட ஏதோ ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகள் வழியாகத்தான் போய் வருகின்றன.

ஒய்.டி.எல். நிறுவனம் 500 மெகாவாட் அளவுக்குத் திட்டமிட்டிருக்கும் பசுமைத் தரவு மையப் பூங்கா எழும் நிலம், முன்பு பவுஸ்டெட் நிறுவனத்திடம் இருந்த கூலாய் யங் தோட்டம். தோட்ட லயத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பல தோட்டங்களில் மாலை மங்கிய பிறகு ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் விளக்கு எரியும். அது நின்றுவிட்டால் மண்ணெண்ணெய் விளக்கில்தான் பாடப் புத்தகம். அதே மாதிரி நிலத்துக்கு இன்று ஒரு நகரத்தையே நடத்தும் அளவுக்கு மின்சாரம் போகிறது.

எவ்வளவு மின்சாரம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவில் பிரின்ஸ்டன் டிஜிட்டல் குழுமத்தின் வளாகம் 150 மெகாவாட் திறனுக்குத் திட்டமிடப்பட்டது. அது ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பெருக்கினால் 1,314 மில்லியன் கிலோவாட் மணி. மாதம் 300 கிலோவாட் மணி செலவழிக்கும் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 3,600 தேவை. அப்படியானால் அந்த ஒரு வளாகத்தின் மின்சாரம் 3 லட்சத்து 65 ஆயிரம் வீடுகளுக்குச் சமம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கூலாய் மாவட்டத்தில் வாழும் மக்களே சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர்தான். எந்தத் தரவு மையமும் எப்போதும் முழுத் திறனில் ஓடுவதில்லை என்பது உண்மை. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் கணக்கு சிறியதாகிவிடாது.

இவ்வளவு மின்சாரத்தைத் தயாரிக்க நிலையம் வேண்டும், கொண்டுவர உயர் அழுத்தக் கம்பிகள் வேண்டும், துணைமின் நிலையம் வேண்டும். தீபகற்ப மலேசியாவின் உச்ச மின்தேவை 2024இல்தான் முதல்முறையாக 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. இனி கட்டப்போகும் ஒவ்வொன்றின் செலவும் ஏதோ ஒரு வடிவில் மின்கட்டணத்துக்குள் வந்து சேரும். அதனால்தான் மின்சேமிப்பு என்பது அறையை விட்டு வெளியே போகும்போது விசிறியை நிறுத்துவதோடு முடிகிற விஷயம் இல்லை.

சட்டம் யாரிடம் கேட்கிறது?

மலேசியாவில் எரிசக்தி திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. சட்ட எண் 861. தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா, இதை அமல்படுத்துகிறது.

ஆண்டுக்கு 21,600 ஜிகாஜூல் அல்லது அதற்கு மேல் எரிசக்தி செலவழிக்கும் தொழிற்சாலையோ வணிக நிறுவனமோ, பதிவு பெற்ற எரிசக்தி மேலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். எரிசக்தி நிர்வாக முறை ஒன்றை நடத்த வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் பதிவு பெற்ற தணிக்கையாளரைக் கொண்டு தணிக்கை செய்ய வேண்டும். 8,000 சதுர மீட்டருக்குக் குறையாத அலுவலகக் கட்டடங்கள் எவ்வளவு எரிசக்தி குடிக்கின்றன என்பதைக் காட்டும் முத்திரையை வெளியே வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி, ஏர்கோன், விசிறி, சலவை இயந்திரம் போன்றவை குறைந்தபட்சத் திறன் அளவை எட்டாவிட்டால் விற்க முடியாது. கடையில் அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஒட்டுவில்லை அந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

21,600 ஜிகாஜூல் என்பது எங்கிருந்து வந்த எண்? இயற்பியல் படிக்கிறவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கிலோவாட் மணி என்பது 3.6 மெகாஜூல். 21,600 ஜிகாஜூலை அதால் வகுத்தால் 6 மில்லியன் கிலோவாட் மணி. 2008இல் வந்த பழைய விதிமுறையில் ஆறு மாதத்துக்கு 3 மில்லியன் கிலோவாட் மணி என்பதுதான் எல்லை. ஆண்டுக்குப் பார்த்தால் அதே அளவு. ஆனால் பழைய விதி மின்சாரத்தை மட்டும் பார்த்தது. புதிய சட்டம் எரிவாயு போன்ற மற்ற எரிசக்தியையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அலகை ஜூலுக்கு மாற்றியதன் காரணம் அதுதான்.

இப்போது அந்த எல்லையைச் செடெனாக் வளாகத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 150 மெகாவாட் முழுத் திறனில் ஓடினால் 6 மில்லியன் கிலோவாட் மணியைக் கடக்க எத்தனை நாள் ஆகும்? நாற்பது மணி நேரம். திங்கள் காலை தொடங்கினால் செவ்வாய் இரவுக்குள் ஓராண்டு எல்லை முடிந்துவிடும்.

ஆக, தரவு மையங்கள் சட்டத்தின் வலைக்குள் வருவதில் சந்தேகமில்லை. ஆனால் பெரிய பயனீட்டாளர்களிடம் சட்டம் கேட்பது ஒழுங்கான முறையை: மேலாளர், நிர்வாகம், தணிக்கை, அறிக்கை. 'இந்த அளவுக்கு மேல் வீணாக்காதே' என்று ஓர் எண்ணைச் சொல்வது வேறு. அந்த எண்ணும் இருக்கத்தான் செய்கிறது. தரவு மையத் துறையில் அதற்கு பி.யு.இ. என்று பெயர். கட்டடத்துக்குள் வரும் மொத்த மின்சாரத்தைக் கணினிகளுக்குப் போகும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. வருவதெல்லாம் கணினிக்கே போனால் விடை 1. நடைமுறையில் குளிரூட்டவே பெரும்பங்கு போய்விடும். ஐஸ்லாந்தில் வெளிக்காற்றை உள்ளே விட்டாலே குளிர்ந்துவிடும். நம் ஜொகூரில் இரவு இரண்டு மணிக்கும் புழுக்கம்தான்.

100 மெகாவாட் கணினிகள் உள்ள மையம் ஒன்றின் பி.யு.இ. 1.6 என்றால் அது 160 மெகாவாட் இழுக்கும். 1.3 என்றால் 130. வித்தியாசம் 30 மெகாவாட். ஆண்டு முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய 263 மில்லியன் கிலோவாட் மணி, 73,000 வீடுகளின் மின்சாரம். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஓர் இலக்கத்தின் விலை அது.

சிங்கப்பூர் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. 2019இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி, 2022இல் மறுபடி கதவைத் திறந்தபோது பி.யு.இ. 1.3க்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. கதவு மூடியிருந்த காலத்தில் இடம் தேடியவர்கள் பாலத்தைக் கடந்து ஜொகூருக்கு வந்தார்கள். கூலாயின் கதை பாதிக்கு மேல் அங்குதான் தொடங்குகிறது. ஜொகூர் மாநில அரசும் 2024இல் தரவு மையங்களை ஆராய ஒருங்கிணைப்புக் குழு ஒன்றை அமைத்தது. முதல் சில மாதங்களில் வந்த விண்ணப்பங்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை அது நிராகரித்தது.

விற்பவரிடம் கேட்டால்?

இதுவரை பார்த்ததெல்லாம் வாங்குகிறவர் பக்கம். மின்சாரத்தை விற்கும் நிறுவனத்தைச் சட்டம் என்ன கேட்கிறது?

தயாரிப்பில் ஒரு கடிவாளம் நீண்ட காலமாக இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு எரிபொருள் வெப்பம் செலவாகலாம் என்பது மின்நிலையங்களின் ஒப்பந்தத்திலேயே எழுதப்படும். அதற்கு மேல் எரித்தால் கூடுதல் செலவு நிலையத்தின் தலையில். அதனால் திறமையான இயந்திரத்தை வாங்க அவர்களுக்கே ஆர்வம் உண்டு. பாசிர் கூடாங்கில் 2021இல் செயல்படத் தொடங்கிய 1,440 மெகாவாட் எரிவாயு நிலையம், எரிவாயுவின் வெப்பத்தில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை மின்சாரமாக மாற்றும் வகையைச் சேர்ந்தது. பழைய வகை நிலக்கரி நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. மீதி கடலுக்கும் காற்றுக்கும் வெப்பமாகப் போய்விடும். வீட்டில் ஒரு யூனிட் மிச்சம் பிடித்தால் அங்கே கிட்டத்தட்ட மூன்று யூனிட் நிலக்கரி வெப்பம் மிச்சமாவது இதனால்தான்.

கம்பியிலும் இழப்பு உண்டு. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வரும் வெப்பம் அது. மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் மின்னோட்டம் பாதியாகும், இழப்பு கால்பங்காகும். நாட்டின் முதுகெலும்பாக ஓடும் கம்பிகள் 275, 500 கிலோவோல்ட்டில் இருப்பதற்குக் காரணம் படிவம் 5 இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

சிக்கல் தொடங்குவது இதற்குப் பிறகுதான். தன் வாடிக்கையாளர் குறைவாக வாங்க வேண்டும் என்று ஒரு விற்பனையாளர் ஏன் பாடுபட வேண்டும்? ரொட்டி சானாய் கடைக்காரர் 'ஒன்றோடு நிறுத்திக்கொள் தம்பி' என்று சொல்வாரா?

தெனாகா நேஷனல் எப்படிச் சம்பாதிக்கிறது என்பதைப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். அதன் கட்டணத்தை மூன்றாண்டு காலகட்டமாக எரிசக்தி ஆணையம் நிர்ணயிக்கிறது. 2025 முதல் 2027 வரையிலான நான்காவது காலகட்டத்தில், கம்பி, துணைமின் நிலையம் போன்ற ஒழுங்குமுறைக்கு உட்பட்ட சொத்துகளின் மதிப்பில் 7.3 விழுக்காடு வருவாய் அதற்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அந்த மூன்று ஆண்டுகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட மூலதனச் செலவு, நிபந்தனைக்கு உட்பட்ட பகுதியையும் சேர்த்து, சுமார் 42.8 பில்லியன் ரிங்கிட். சொத்து கூடினால் வருவாயும் கூடும்.

இதைத் தெனாகாவின் பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, சரியன்று. உலகெங்கும் ஒழுங்குபடுத்தப்பட்ட மின்நிறுவனங்களின் கணக்கு இப்படித்தான். ஹார்வி அவெர்ச், லீலண்ட் ஜான்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1962இலேயே இதை எழுதிவிட்டார்கள்: மூலதனத்தின் மேல் வருவாய் உறுதி என்றால், நிறுவனம் தேவைக்கு மேல் மூலதனம் போடவே சாயும். பொருளியல் படிக்கப் போகிறவர்கள் அவெர்ச்-ஜான்சன் விளைவு என்ற பெயரில் இதைச் சந்திப்பீர்கள். சேமிப்பால் ஒரு துணைமின் நிலையம் தேவையில்லாமல் போனால் நாட்டுக்கு லாபம். நிறுவனத்தின் கணக்கிலோ ஒரு சொத்து குறைவு.

இதற்கு மற்ற நாடுகள் மருந்து தேடின. கலிபோர்னியா 1982இல் மின்நிறுவனத்தின் வருமானத்தையும் விற்ற யூனிட்டுகளின் எண்ணிக்கையையும் பிரித்துவிட்டது. குறைவாக விற்றாலும் அனுமதிக்கப்பட்ட வருமானம் அடுத்த கட்டணத் திருத்தத்தில் சரிசெய்யப்படும், அதிகமாக விற்றால் கூடுதல் பணம் திரும்பிப் போகும். விற்பனையைப் பெருக்கும் ஆசை அத்துடன் அடங்கிவிடும். பிரிட்டன் 1994 முதல், மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் வீடுகளில் குறிப்பிட்ட அளவு மின்சாரத்தைச் சேமித்துக் காட்ட வேண்டும் என்றது. ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டுதான் அதற்கான நிதி. பிரேசில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில், விநியோக நிறுவனங்கள் நிகர வருமானத்தில் ஒரு பங்கை வாடிக்கையாளர் பக்கத்துச் சேமிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு ஆணை ஆண்டுக்கு 1.5 விழுக்காடு என்று இலக்கு வைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டெக்சஸ். எண்ணெய்க் கிணறுகளின் மாநிலம், சுற்றுச்சூழல் பேச்சுக்குப் பேர்போனதல்ல. ஆனால் மின்நிறுவனங்களுக்குச் சேமிப்பு இலக்கைச் சட்டமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் அதுதான். 1999இல் வந்த சட்டம் சொன்னது இவ்வளவே: மின்தேவை எவ்வளவு வளருமோ அதில் 10 விழுக்காட்டைப் புதிய நிலையம் கட்டிச் சமாளிக்காதே, சேமிப்பால் சமாளி. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இப்படிப்பட்ட இலக்குகளை வைத்தன. வளர்ச்சியை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. வளர்ச்சியில் ஒரு பங்கைச் சேமிப்பிலிருந்து கொண்டுவா என்றார்கள். கூலாய் போல ஆண்டுக்கு ஆண்டு தேவை எகிறும் ஓர் இடத்துக்கு மிகவும் பொருந்தும் கணக்கு இது.

இந்தியாவில் வேறு வழி. அரசுக்குச் சொந்தமான நான்கு மின்துறை நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய இ.இ.எஸ்.எல்., 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் எல்.இ.டி. விளக்குகளை மொத்தமாக வாங்கி விற்றது. பல இடங்களில் மக்கள் விளக்கை முதலில் வாங்கிக்கொண்டு, மின்கட்டணத்தோடு சேர்த்து மாதம் 10 ரூபாயாகக் கட்டினார்கள். 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016க்குள் 38 ரூபாய்க்கு இறங்கியது. மின்கட்டண ரசீது வசூலிக்க மட்டுமல்ல, கடன் கொடுக்கவும் பயன்படும் என்பதை அங்கே பார்க்கலாம்.

நம் ரசீதில் என்ன இருக்கிறது?

மலேசியா தேர்ந்தெடுத்த கருவி பெரும்பாலும் கட்டணமும் கழிவும்தான். நான்கு, ஐந்து நட்சத்திரக் குளிர்சாதனப் பெட்டியும் ஏர்கோனும் வாங்கினால் கழிவு கொடுத்த 'சேவ்' திட்டம் பலருக்கு நினைவிருக்கும். 2021இல் அது 200 ரிங்கிட். 2016 முதல் 2025 வரையிலான தேசிய எரிசக்தி திறன் செயல்திட்டம், பத்தாண்டில் மின்தேவை வளர்ச்சியை 8 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்தது. ஆனால் அது நாட்டின் இலக்கு. 'இதில் இவ்வளவு உன் பொறுப்பு' என்று மின்நிறுவனத்தின் பெயர் எழுதிய இலக்கு அன்று.

2025 ஜூலை 1 முதல் வீட்டு ரசீது மாறிவிட்டது. எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு என்று தனித்தனி வரிகளாக வருகிறது. அதோடு எரிசக்தி திறன் ஊக்கத்தொகை என்ற கழிவும் உண்டு. மாதம் 200 கிலோவாட் மணிக்குள் நிறுத்துகிற வீட்டுக்கு யூனிட்டுக்கு 25 சென் கழிவு. பயன்பாடு ஏற ஏற அது படிப்படியாகக் குறைந்து, 1,000ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை. 600ஐத் தாண்டாத வீட்டுக்கு 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் கிடையாது. ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் நேர அடிப்படையிலான கட்டணத்துக்கும் மாறலாம். வாரநாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடுதல், மற்ற நேரமும் வார இறுதியும் மலிவு. துணி துவைப்பதை இரவு 10க்குத் தள்ளினால் யூனிட் குறையாது, விலை குறையும். உச்ச நேரச் சுமையும் குறையும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மறுபடியும் சேமிக்கும் வேலை வீட்டின் கையில்தான் இருக்கிறது. பழைய குளிர்சாதனப் பெட்டியை மாற்றப் பணம் இல்லாத வீட்டுக்கு அந்தக் கழிவு எட்டாக்கனி. அதிகம் சேமிக்க வேண்டிய வீடுதான் குறைவாகச் சேமிக்க முடிகிற வீடாகவும் இருக்கும். மின்நிறுவனத்துக்குச் சேமிப்பு இலக்கு இருந்திருந்தால், அந்தப் பழைய பெட்டியைத் தேடி அதுவே கூலாய் தாமான்களுக்குள் வந்திருக்கும். அதன் இலக்கை எட்ட மலிவான வழி அதுவாகத்தான் இருக்கும். அதேபோல், 1.5 பி.யு.இ. உள்ள மையத்தை 1.3க்குக் கொண்டுவருவது புதிய நிலையம் கட்டுவதைவிட மலிவு என்றால், அதையும் மின்நிறுவனமே போய்ப் பேசும். என் பார்வையில் 861ஆம் சட்டத்தில் விடுபட்ட பக்கம் இதுதான். மற்றபடி அது தாமதமாக வந்த நல்ல சட்டம்.

இதில் உங்களுக்கு ஒரு வேலைவாய்ப்பும் இருக்கிறது. பதிவு பெற்ற எரிசக்தி மேலாளர், எரிசக்தித் தணிக்கையாளர் என்ற இரண்டு பெயர்களும் இப்போது சட்டத்தில் எழுதப்பட்டவை. மின்சாரம், இயந்திரவியல் படித்தவர்களுக்கு இது இயல்பான வழி. எஸ்.பி.எம். முடித்துத் தொழில்திறன் பக்கம் போகிறவர்களுக்கு எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன், சார்ஜ்மேன் சான்றிதழ்கள் உண்டு. தரவு மையத்துக்குள் கணினி வல்லுநரைவிட மின்சாரத்தையும் குளிரூட்டியையும் கவனிக்கிறவர்களுக்கே அன்றாட வேலை அதிகம். நேர்காணலிலோ கல்விச் சுற்றுலாவிலோ அந்தக் கட்டடங்களுக்குள் போகும் வாய்ப்புக் கிடைத்தால், 'உங்கள் பி.யு.இ. எவ்வளவு? அது வடிவமைப்பில் எழுதிய எண்ணா, போன மாதம் அளந்த எண்ணா?' என்று கேளுங்கள். இரண்டும் அநேகமாக ஒன்றாக இருக்காது.

கட்டணத்தின் இப்போதைய காலகட்டம் 2027 டிசம்பரில் முடிகிறது. தெனாகா அடுத்து எதைக் கட்டலாம், அதற்கு என்ன வருவாய், சேமிப்புக்கு ஏதாவது இலக்கு உண்டா என்பதெல்லாம் அதற்கு முன்பே பேசி முடிக்கப்பட வேண்டும். இன்று படிவம் 4இல் இருப்பவர்கள் 2028 ஜனவரியில் கல்லூரி விடுதியிலோ முதல் வாடகை வீட்டிலோ இருப்பார்கள். அந்த மாத மின்கட்டணம் அவர்கள் பெயரிலேயே வரக்கூடும்.